கடலூர்த் துறையில் கயிறு கட்டிய கப்பல்: பிளாஸ்டிக் மாதிரிக்கு எத்தனை கயிறு வேண்டும்?

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சி வேங்கடரமணர் கோயிலிலிருந்து போனவை. பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். செஞ்சிக்கும் கடலுக்கும் சாலை வழியில் எழுபது கிலோமீட்டர் இருக்கும். ஆனாலும் கடற்கரைத் துறைகள் கைமாறிய பேரங்கள் சில செஞ்சி மலையடிவாரத்தில்தான் முடிந்தன. 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. விற்றவர் செஞ்சியில் இருந்து ஆண்ட மராட்டிய அரசர் ராஜாராம். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும் என்பதைப் பீரங்கி தீர்மானித்தது: குண்டு போய் விழுந்த இடம்வரை கம்பெனிக்கு. கடலூர் ஓரத்தில் குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை இரவோடு இரவாகச் செஞ்சியைப் பிடித்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. ஏப்ரல் 5-ஆம் தேதி செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. புதுச்சேரியைக் காக்க வேண்டிய பிரெஞ்சுக் கப்பற்படை 1759-இல் போனது போனதுதான், திரும்பவில்லை. மலைக்கோட்டையின் தலையெழுத்தைக் கடலில் நின்ற கப்பல்கள் எழுதின. அந்தக் கப்பல்களின் தலையெழுத்தைப் பெரும்பாலும் கயிறுகள் எழுதின. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் இருக்கிறது; அதே பட்டியலில் சிந்துதுர்க், விஜயதுர்க், சுவர்ணதுர்க், கந்தேரி என்று கடற்கோட்டைகளும் இருக்கின்றன. எனவே செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு பழைய போர்க்கப்பலின் பிளாஸ்டிக் மாதிரிக்கு நூல் கட்டுகிறவரைப் பார்த்து, 'இந்த ஊருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?' என்று யாராவது கேட்டால், பதில் நீளமாகவே சொல்லலாம்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அதுவல்ல. கிட் பெட்டியைப் பிரித்தவர்கள் எல்லாரும் ஒருநாள் முட்டிக்கொண்டு நிற்கும் கேள்வி: இதற்கு எத்தனை கயிறு கட்ட வேண்டும்? கப்பலின் உடல் ஒட்டுவது எளிது. பீரங்கிகளை வரிசையாக வைப்பது குழந்தைக்கும் பிடிக்கும். பாய்மரம் நட்ட பிறகு கயிற்று வரைபடத்தை விரித்ததும் ஆள் அசந்துபோகிறார். வீட்டு அலமாரிகளின் மேல் மொட்டை மரத்தோடு நிற்கும் கப்பல்கள் எல்லாம் அந்த இடத்தில் நின்றுபோனவை.

இதில் மூன்று கட்சிகள் உண்டு. அசல் கப்பலில் இருந்த கயிறு அத்தனையும் மாதிரியிலும் வேண்டும் என்பது ஒன்று. மரத்தைத் தாங்கும் கயிறுகள் போதும், பாயை இயக்கும் கயிறுகள் வேண்டாம் என்பது இரண்டாவது. பாய்மரமே வேண்டாம் என்பது மூன்றாவது. இது சோம்பேறிகளின் கட்சி என்று எண்ணிவிடக் கூடாது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலக் கப்பற்படைக்காகச் செய்த மர மாதிரிகளில் பலவும் மரமும் கயிறும் இல்லாத வெறும் உடல்கள்தாம். மூன்று கட்சியும் எண்ணிக்கையைப் பற்றிச் சண்டை போடுகின்றன. என் பார்வையில் எண்ணிக்கை இரண்டாம் பட்சம். கட்டிய ஒவ்வொரு கயிறும் எங்கே தொடங்குகிறது, எதன் வழியாகப் போகிறது, எங்கே கட்டப்படுகிறது, எதை இழுக்கிறது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத கயிறு அங்கே இருப்பதைவிட இல்லாமல் போவது நல்லது.

போர்ட்ஸ்மத்தில் நிற்கும் 'விக்டரி' கப்பலுக்குச் சுமார் 42 கிலோமீட்டர் கயிறு பிடித்தது. கேட்க மலைப்பாக இருந்தாலும் அது இரண்டே குடும்பம். மரத்தைத் தாங்கி அசையாமல் நிறுத்துபவை நிலைக்கயிறுகள். தார் பூசிக் கருத்தவை. பருமலையும் பாயையும் ஏற்றி இறக்கித் திருப்புபவை ஓடுகயிறுகள். கப்பிகள் வழியாக ஓட வேண்டியவை என்பதால் தார் குறைவு, வெளிறிய நிறம். நம் கடற்கரைத் தமிழில் இவற்றுக்கு வேண்டிய சொற்கள் இருக்கின்றன: பாயைத் தூக்கும் கயிறு ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிப்பது தாமான், குறுக்கு மரம் பருமல், உருளை கப்பி. தூத்துக்குடித் தோணிகள் மோட்டார் ஏறும்வரை கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போனவை. அந்தத் தலைமுறைக் கிழவர்களிடம் கிட்டின் வரைபடத்தைக் காட்டினால் பெயர் தெரியாவிட்டாலும் வேலை என்னவென்று சொல்லிவிடுவார்கள்.

நிலைக்கயிறுகளில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அவை ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பதை. போர்க்கப்பலின் பாய்மரம் ஒரே மரம் அல்ல. கீழ்மரம், அதன் தலையில் ஏறிய நடுமரம், அதற்கும் மேல் மேல்மரம் என்று மூன்று அடுக்கு. பக்கவாட்டில் சாயாமல் இருபுறமும் பக்கத்தாங்கு வடங்கள். பின்பக்கம் சாயாமல் முன்தாங்கு வடம். பின்மரத்தின் முன்தாங்கு நடுப்பாய்மரத்தில் கட்டியிருக்கும். நடுப்பாய்மரத்தின் முன்தாங்கு முன்மரத்தின் அடியைத் தாண்டி முகப்பில் பிடித்திருக்கும். முன்மரத்தின் முன்தாங்கு, மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் முன்நீட்டுமரத்தில் போய் முடியும். ஆகவே மூக்கு மரம் முறிந்தால் முன்மரம் ஆடும், முன்மரம் போனால் பின்னாலிருப்பவையும் தள்ளாடும். மாதிரியிலும் இதே கதைதான். அசல் கப்பலில் முன்நீட்டுமரத்தைக் கப்பலின் மூக்கோடு சுற்றிக் கட்டிய பிறகே மற்றவை தொடங்கும். பிளாஸ்டிக்கிலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வந்தவரின் கப்பலில், கடைசி முடிச்சு போடும்போது முதலில் கட்டிய கயிறு தொங்கும்.

சோழமண்டலக் கரையின் கடற்போர்களைப் படித்தால் இந்தக் கயிறுகள் அலங்காரம் அல்ல என்பது மண்டையில் ஏறும். பிரெஞ்சுப் பீரங்கிக்காரர்கள் எதிரியின் மரத்தையும் கயிற்றையும் குறிவைப்பது வழக்கம். ஆங்கிலேயர்கள் உடலைக் குறிவைத்தார்கள். 1758-இலும் 1759-இலும் இந்தக் கரையோரம் ஆங்கிலத் தளபதி போகாக்கும் பிரெஞ்சுத் தளபதி தாஷேயும் மூன்று முறை மோதினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்களை அதிகம் இழந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் விலகிப்போய்விட்டார்கள். ஆங்கிலக் கப்பல்களின் கயிறுகள் அறுந்து கிடந்ததால் துரத்த முடியவில்லை.

எதிரி வராவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வரும். 1761 ஜனவரி 1-ஆம் தேதி புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்கள் மீது புயல் விழுந்தது. டியூக் டி அக்கித்தேன், சண்டர்லேண்ட் இரண்டும் மூழ்கின. நியூகாசில், குயின்பரோ, புரொடெக்டர் மூன்றும் கரையில் மோதின. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். தப்பிய கப்பல்கள் பலவும் மரம் இழந்து நின்றன. நங்கூர வடத்தை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவதா, அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்பதா என்பதுதான் உயிர் பிழைப்பதற்கான கேள்வியாக இருந்தது. துறைமுகம் என்று சொல்லக்கூடிய மறைவான இடம் இந்தக் கரையில் எங்கும் இல்லை. அதனால்தான் எல்லாருக்கும் திருகோணமலை மீது கண்.

1782 இன்னும் பொருத்தமான ஆண்டு. சுஃப்ரென் பிரெஞ்சுப் படைக்குத் தலைவர். அவருடைய கொடிக்கப்பல் 74 பீரங்கிகள் கொண்ட 'ஹீரோ'. எதிரில் எட்வர்ட் ஹியூஸ், 'சூப்பர்ப்' கப்பலில். பிப்ரவரி 17-இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் மோதினார்கள். ஏப்ரல் 12-இல் இலங்கையின் கிழக்குக் கரையில் பிராவிடியன் பாறை அருகே மீண்டும். அன்று ஆங்கிலக் கப்பல் மொன்மத் நடுப்பாய்மரத்தையும் பின்மரத்தையும் இழந்தது. போருக்குப் பிறகு இரு படைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நங்கூரமிட்டு, ஒரு வாரம் அவரவர் கயிறுகளைப் பழுதுபார்த்தன. ஜூலை 6-இல் நாகப்பட்டினத்துக்கு அப்பால் மூன்றாவது மோதல். பிரெஞ்சுக் கப்பல் பிரில்லியாவின் நடுப்பாய்மரம் போனது.

சுஃப்ரெனுக்கு மொரீஷியஸுக்கு இந்தப்பக்கம் கப்பல்கட்டும் துறை கிடையாது. நேராகக் கடலூர் வந்து, திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு வேலையைத் தொடங்கினார். சின்னக் கப்பல்களின் மரங்கள் பெரிய கப்பல்களுக்கு ஏறின. கடலூரில் வீடுகளைப் பிரித்து மரம் எடுத்தார்கள். ஜூலைக் கடைசியில் ஹைதர் அலி தம் படையோடு வந்து கடலூர் அருகே அவரைச் சந்தித்தார்; செஞ்சிக்கோட்டை 1780 முதல் ஹைதர் வசம்தான் இருந்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி சுஃப்ரென் புறப்பட்டுவிட்டார். மாத முடிவில் திருகோணமலை அவர் கையில். சென்னையில் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஹியூஸ் கிளம்பியதே ஆகஸ்ட் 20-ஆம் தேதி. செப்டம்பர் 2-இல் திருகோணமலைக்கு வந்து பார்த்தால் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. இதை வீரத்தின் வெற்றி என்று எழுதுபவர்கள் உண்டு. கயிறு கட்டுகிறவர்களின் வெற்றி என்று படிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மறுநாள் நடந்த சண்டையில் 'ஹீரோ'வின் நடுப்பாய்மரமும் சாய்ந்தது. மறுபடி அதே வேலை.

இந்தப் பின்னணியோடு சந்தையில் இருக்கும் பெட்டிகளைப் பார்க்கலாம். ஏர்ஃபிக்ஸின் 'விக்டரி' 1:180 அளவு. ஹெல்லரின் 'விக்டரி'யும் 'சொலெய் ரொயால்' கப்பலும் 1:100. ரெவெலின் அமெரிக்கக் கப்பல் 'கான்ஸ்டிடியூஷன்' 1:96. நம் கரைக்கு நெருக்கமானவை ஹெல்லர் 1:150 அளவில் செய்த இரண்டு 74 பீரங்கிக் கப்பல்கள்: 'குளோரியே', 'சூப்பர்ப்' (இது பிரெஞ்சு சூப்பர்ப், ஹியூஸின் கப்பல் அல்ல). 'ஹீரோ'வும் 74 பீரங்கிக் கப்பல்தான் என்பதால் வகையில் அவை உறவு. 'குளோரியே'வுக்கு ஒரு விசேஷம் உண்டு: பிராவிடியன் போர் நடந்த அதே 1782 ஏப்ரல் 12-ஆம் தேதி, மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த செயிண்ட்ஸ் போரில் மரங்கள் அத்தனையும் முறிந்து ஆங்கிலேயரிடம் பிடிபட்டது. செப்டம்பரில் புயலில் மூழ்கியே போனது. பெட்டிமேல் முழுப்பாய் விரித்து மிதக்கும் படத்தைப் பார்க்கும்போது இதுவும் நினைவுக்கு வரட்டும்.

'சொலெய் ரொயால்' பார்வைக்கு எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும். பின்புறச் சிற்பங்களுக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் அசல் கப்பல் 1692-இல் ஷெர்பூரில் எரிந்துபோனது. அப்போது செஞ்சி முகலாயப் படையின் முற்றுகையில் இருந்தது. கிட்டுக்கு மூலம் 19-ஆம் நூற்றாண்டில் பாரிசில் செய்த மர மாதிரி. ஆகவே ஊகத்தின் மேல் ஊகம். அந்த உடலுக்கு எண்ணி எண்ணித் துல்லியமாகக் கயிறு கட்டுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கட்டுகிறவர்களைத் தடுக்கவும் மாட்டேன்.

புத்தகம் தேடுகிறவர்கள் முதலில் நாட்டையும் நூற்றாண்டையும் பார்க்க வேண்டும். ஆங்கிலக் கப்பலுக்கு டேவிட் ஸ்டீலின் 1794 நூல் அக்காலத்து நேர்ச்சாட்சி. ஜேம்ஸ் லீஸ் 1979-இல் எழுதிய பெருநூல் 1625 முதல் 1860 வரை ஆங்கிலப் போர்க்கப்பல்களின் மரத்தையும் கயிற்றையும் விகிதக் கணக்கோடு தருகிறது. 'விக்டரி'க்கு லாங்ரிட்ஜ் 1955-இல் எழுதியது இன்றும் கைவிளக்கு. 17-ஆம் நூற்றாண்டுக்கு ஆண்டர்சனின் 1927 நூல். பிரெஞ்சு 74-க்கு ழான் பூத்ரியோ 1970-களில் நான்கு தொகுதிகளாக எழுதியதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் படங்களே பாதி பேசும். லீஸின் கணக்கை 'குளோரியே'வில் ஏற்றுவது பலர் செய்யும் தவறு. தமிழில் 1950-இல் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகம் வழியே வெளியான 'கப்பல் சாத்திரம்' நல்ல சுவடிதான். ஆனால் அது மரத்தின் குணமும் அளவின் சுபாசுபமும் சொல்லும் நூல், நம் மேசை வேலைக்கு உதவாது.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, இந்தியக் கப்பற்படையின் பயிற்சிக் கப்பல் 'தரங்கிணி' இருக்கிறது. 1997-இல் படையில் சேர்ந்தது, கொச்சியைத் தளமாகக் கொண்டது. மூன்று மரம், முன் இரண்டில் குறுக்குப் பருமல்கள். கம்பி வடங்களும் செயற்கை நூலும் கலந்த இக்காலக் கப்பல் என்றாலும், பருமல் எப்படித் திரும்புகிறது என்பதை அதுபோல எந்தப் படமும் காட்டாது. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் நிற்கும் 'டிரிங்கோமலி' 1817-இல் மும்பையில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டியது. வல்வெட்டித்துறையில் தமிழர்கள் கட்டிய 'அன்னபூரணி' போர்க்கப்பல் அல்ல. ஆனாலும் பாய் விரித்தே அட்லாண்டிக்கைக் கடந்து 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையைத் தொட்டது. குறுக்குப் பருமல் கயிற்றுக்கட்டு நம்மவர்களுக்குத் தெரியாத வித்தை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இனி மேசைக்கு வருவோம். பிளாஸ்டிக் மாதிரியின் முதல் எதிரி பிளாஸ்டிக்கே. பாலிஸ்டைரீன் மென்மையானது, தொடர்ந்து இழுத்தால் மெதுவாக வளைந்துகொண்டே போகும். மேல்மரம் தீக்குச்சியைவிட மெல்லியது. இன்றைக்கு நேராக நிற்கும். செஞ்சியின் பங்குனி, சித்திரை வெயில் சன்னல் வழியே படுகிற இடத்தில் வைத்தால் அடுத்த ஆண்டு வில்லாக நிற்கும். கீழ்மரம் இரண்டு பாதிகளாக வருவதால் உள்ளே பித்தளைக் கம்பி செருகி ஒட்டலாம். மேல்மரங்களையும் மெல்லிய பருமல்களையும் மூங்கிலிலோ பித்தளையிலோ செய்து மாற்றிவிடுவது உத்தமம். இது மோசடி என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி: 'விக்டரி'யின் கீழ்மரங்களே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'ஷா' என்ற இன்னொரு கப்பலிலிருந்து எடுத்துப் பொருத்திய இரும்பு மரங்கள்.

அடுத்தது கயிற்றின் கனம். பழைய நூல்களில் கயிற்றின் அளவு என்பது சுற்றளவு, விட்டம் அல்ல. இதைத் தெரியாமல் கட்டிய கப்பல்கள் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும்; எல்லாக் கயிறும் மூன்று மடங்கு தடித்திருக்கும். 'விக்டரி'யின் நடுப்பாய்மர முன்தாங்கு சுமார் 19 அங்குலச் சுற்றளவு. 3.14-ஆல் வகுத்தால் விட்டம் ஆறு அங்குலம், அதாவது ஏறக்குறைய 154 மில்லிமீட்டர். 1:100 மாதிரியில் அது 1.5 மில்லிமீட்டர் நூல்; 1:180-இல் 0.85. கீழ்மரத்துப் பக்கத்தாங்கு 11 அங்குலம் என்றால் 1:100-இல் 0.9, 1:180-இல் 0.5. மாலுமிகள் ஏறும் ஏணிப்படிக் கயிறு ஒன்றரை அங்குலம்; 1:100-இல் 0.12 மில்லிமீட்டர், 1:180-இல் 0.07, கிட்டத்தட்ட தலைமுடி. இந்தக் கணக்குப்படி 1:180-இல் ஏணிப்படியை அளவோடு கட்டவே முடியாது என்பது தெரிகிறது. ஏர்ஃபிக்ஸ் வார்த்துத் தரும் பிளாஸ்டிக் ஏணிகள் அசிங்கமாக இருப்பதற்கும் இதுவே காரணம். எந்த அச்சும் அந்தக் கனத்துக்கு இறங்காது. ஹெல்லர் ஏணி பின்ன ஒரு சட்டம் தருகிறது. அதில் பின்னினால் சதுரமாகத்தான் வரும். கப்பலிலோ வடங்கள் மேலே போகப்போகக் குறுகும். சட்டத்தை எடுத்து வைத்துவிட்டு மரத்தின்மேலேயே கட்டுவது மேல்.

அங்கேதான் ஊர்க்கை உதவிக்கு வருகிறது. ஏணிப்படிகளை வடத்தோடு பிணைக்கும் முடிச்சு, ஒரே மாதிரியான இரண்டு அரைச் சுருக்குகள். மல்லிகை கட்டுகிற பெண்ணின் கையைக் கவனித்தால் புரியும். காம்புகளை இடது கையில் அழுத்திக்கொண்டு, வலது கை விரலில் நூலை வளையமாக்கி, ஒரு திருப்பு திருப்பி, காம்பின்மேல் போட்டு இழுக்கிறார். அதே அரைச் சுருக்கு. அதை இரண்டு முறை போட்டால் ஏணி முடிச்சு. அவர் கையைப் பார்க்காமலே பேசிக்கொண்டு கட்டுவார். நாம் இடுக்கியும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாக வியர்த்து வழிவோம். கயிறு கட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களை அரை முழம் பூ கட்டச் சொல்வேன். இழுக்கும் பலம் எவ்வளவு என்று விரலுக்குத் தெரிந்துவிடும்: இன்னும் கொஞ்சம் இழுத்தால் காம்பு அறும், விட்டால் பூ உதிரும். ஏணியிலும் அதுவே. இறுக்கினால் பக்கவடங்கள் இடுப்பு ஒடுங்கி உள்ளே வளையும். அடுக்குகளின் இடைவெளி 13 அங்குலம் என்று வைத்தால் 1:150-இல் 2.2 மில்லிமீட்டர். கோடு போட்ட அட்டையை வடங்களுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, நடுவடத்திலிருந்து தொடங்கி இருபுறமும் போவது நல்ல வழி.

நூல் எது என்பதில் ஆளுக்கொரு கருத்து. தையல்காரரின் பாலியெஸ்டர் நூல் மலிவு, ஈரத்துக்கு மாறாது, ஆனால் மினுக்கும். பருத்தி நூல் பார்வைக்கு அசல் கயிறு போலவே இருக்கும். மழைக்காலக் காற்றில் ஈரம் குடித்து இறுகும், கோடையில் தளரும். ஐப்பசியில் கம்பீரமாக நின்ற கப்பல் வைகாசியில் சோர்ந்து தொங்குவது இதனால். பட்டு நூல் மெல்லியது, பிசிறு கிடையாது. ஆரி வேலைப்பாட்டுக் கடைகள் பெருகிய பிறகு சின்ன ஊர்களிலும் எல்லா நிறத்திலும் கிடைக்கிறது. வெயில் பட்டால் நாளடைவில் நைந்துபோகும். என் தேர்வு: தடித்த நிலைக்கயிறுகளுக்குப் பாலியெஸ்டர் இழைகளை முறுக்கிச் செய்துகொள்வது, மெல்லிய ஓடுகயிறுகளுக்குப் பட்டு. எதுவானாலும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டால் மினுக்கமும் பிசிறும் அடங்கும். நொடியில் ஒட்டும் பசை முடிச்சுக்கு ஆகாது; பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக்கை வெண்மையாக்கும், நூலை முறியும் குச்சியாக்கும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு துளி போதும். பிழை வந்தால் ஈரம் தொட்டு அவிழ்க்கவும் முடியும்.

நிறத்தில் கறுப்பு என்று எழுதியிருப்பதை நம்பிக் கன்னங்கரிய நூலைக் கட்ட வேண்டாம். தார் பூசிய சணல் காய்ந்த பிறகு கரும்பழுப்பு. ஓடுகயிறு தேன் நிறம், பழசாகும்போது சாம்பல். இந்தியக் கடலில் ஓடிய கப்பல்களுக்கு இன்னொரு நியாயமும் உண்டு: ஐரோப்பியச் சணல் வரத்து குறைந்த இடத்தில் தென்னை நார்க்கயிறு இருந்தது. அது நீளும், மிதக்கும், உப்புத் தண்ணீரைத் தாங்கும் என்பதால் நங்கூர வடமாக ஐரோப்பியக் கப்பல்களும் அதை எடுத்துக்கொண்டன. சோழமண்டலக் கரையில் நிற்கும் கப்பலாகக் காட்டுகிறவர் நங்கூர வடத்துக்கு நார்க்கயிற்றின் செம்பழுப்பைத் துணிந்து தரலாம்.

பாய்கள் பற்றி ஒரே வரி: கிட்டில் வரும் பிளாஸ்டிக் பாய்களைக் குப்பையில் போடுங்கள். அரை மில்லிமீட்டர் தகடு 1:150-இல் மூன்று அங்குலக் கனத் துணி. பாய் இல்லாமல் காட்டும்போது தாமானும் பாய்முனையைத் தூக்கும் கயிறும் பிடிக்கப் பாய்முனை இல்லையே என்று அவற்றை அந்தரத்தில் விடக் கூடாது. அசல் கப்பலில் செய்ததுபோல் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துப் பருமல் அருகே இழுத்துக் கட்டிவிட வேண்டும்.

'எத்தனை கயிறு?' என்ற கேள்விக்குக் கடலூரில் பதில் இருப்பதாக நினைக்கிறேன். முழுக்கட்டு கட்டப் பொறுமை இல்லாதவர் நிலைக்கயிற்றோடு நிறுத்திவிட்டு அதை முழுக்கப்பல் என்று காட்டினால், அப்படி ஒரு கப்பல் எந்தக் கடலிலும் நின்றதில்லை. 1782 ஜூலையில் கடலூர்த் துறையில் நின்றவையோ பாதி கட்டிய கப்பல்கள். கீழ்மரங்களும் அவற்றின் வடங்களும் நிற்கும், நடுமரம் ஏறிக்கொண்டிருக்கும், பருமல்கள் மேல்தட்டில் கிடக்கும், பாய் கிடையாது. அந்தக் கப்பலைக் காட்டுகிறவருக்கு ஓடுகயிறுகளில் பெரும்பகுதி வேண்டாம். இல்லாமல் இருப்பதே சரி. 'விக்டரி'யின் மேல்மரங்களைக்கூட 2011-இல் பழுதுபார்ப்புக்காக இறக்கிவிட்டார்கள்.

ஹெல்லரின் 1:150 உடலை எடுத்துக்கொள்ளலாம். அடித்தகட்டில் 'ஹீரோ' என்று எழுத வேண்டாம். '74 பீரங்கிப் பிரெஞ்சுக் கப்பல், கடலூர், 1782 ஜூலை' என்று எழுதினால் பொய் இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டி, அலையில் வைப்பது நல்லது. முன்மரத்தை முழு நிலைக்கட்டோடு முடித்துவிடுங்கள். நடுமரம் ஏறும் காட்சியை நடுப்பாய்மரத்தில் வையுங்கள். இதற்கு வேண்டிய கயிறு ஒன்றே: கீழ்மரத் தலைக்கட்டையின் ஒரு பக்க வளையத்தில் கட்டி, கீழே இறக்கி, நடுமரத்தின் அடியில் உள்ள உருளைவழி நுழைத்து, மேலே தலைக்கட்டையின் மறுபக்கக் கப்பிக்கு ஏற்றி, அங்கிருந்து மேல்தட்டுக்கு இறக்கி, நங்கூரம் தூக்கும் உருளைமரத்தில் மூன்று சுற்று. நடுமரம் பாதி உயரத்தில் நிற்கட்டும். அதன் அடித்துளையில் குறுக்கே செருக வேண்டிய இரும்பு ஆப்பைத் தலைமேடையில் தனியாக வைத்தால், அது ஏன் அங்கே கிடக்கிறது என்று கேட்கிறவருக்குக் கப்பலின் அன்றைய நிலையைச் சொல்லிவிடலாம். பக்கத்தில் மரம் ஏற்றி வரும் சலங்குப் படகு ஒன்று. மிச்சமிருக்கும் பருமல்களைப் படகுகளோடு சேர்த்து நடுத்தட்டில் நீளவாக்கில் அடுக்கி, கப்பிகளை அவற்றிலேயே கட்டிவைக்கலாம். பருமலைத் தூக்கும் முன்பே கப்பி கட்டுவதுதான் கப்பலிலும் முறை.